தண்ணீர் ஊற்ற மறுத்த ஆடிப்பரணியார்

செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டே தோட்டக்காரனாக வேலை பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருகோணமலையில் எங்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இருந்தார். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று வாசகர்கள் யாராவது கடிதம் எழுதினால் நான் நம்பப் போவதில்லை. அப்படி இரண்டு பேரைத் தாங்குகிற பலம் இந்தப் பூமிக்குக் கிடையாது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அவருடைய ஊரான கட்டைபறிச்சானில் தாய் தகப்பன் ஏதோ ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகிலே டிக்கெட் கிழிக்கிறவர் தொடங்கி, கிண்ணியாவிலிருந்து கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் நானா வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஆடிப்பரணி. கடைசியில் ஒரு 'யார்' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். அந்த மரியாதைக்கு என்ன காரணம் என்பதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

எங்கள் கந்தோர் உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் குடியிருந்துவிட்டுப் போன வீடு. போகும்போது அவர்கள் விட்டுப்போனவை மூன்று. கால் ஆடுகிற ஒரு அலுமாரி, கருங்கல்லை அடுக்கி இடையிலே மண் நிரப்பி முற்றத்தில் கட்டிய ஒரு பூமேடு, அந்த மேட்டைப் பார்த்துக்கொள்ள ஆடிப்பரணியார். அரசாங்கம் பங்களாவைப் பொறுப்பெடுத்தபோது மூன்றையும் சேர்த்தே பொறுப்பெடுத்துக்கொண்டது.

பெயர் வந்த கதையை அவரே எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அப்போதுதான் நடந்ததைப்போலச் சொல்லுவார்.

"துரைசாணியின்ர கையிலே ஒரு படப் புத்தகம் தங்கச்சி. சீமையிலே செடி விக்கிறவையின்ர புத்தகம். இந்தக் கல்லுக்கு முன்னாலே நிண்டுகொண்டு, ஒரு பக்கத்திலே விரலை வைச்சு, 'ஆடிப் பரணியல், ஒன்லி ஆடிப் பரணியல்' எண்டா. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஆடி மாதத்துப் பரணிக்கு ஒம்பது நாள் கிடக்கு. வெள்ளைக்காரிக்கு நட்சத்திரம் என்னெண்டு தெரியும் எண்டு நான் யோசிச்சுக் களைச்சுப்போனன்."

"அவ பரணியல் எண்டெல்லே சொன்னவ?"

"அது அவையின்ர நாக்கு. கந்தளாயையே அவை ஒழுங்காச் சொல்லமாட்டினம். பரணியைச் சொல்லுவினமோ?"

திருகோணமலையின் ஆடி மாதம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கச்சான் காற்று அடிக்கும். அடுப்பு வாயைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருக்கும். கிணற்று வாளி அடி தட்டும். மழைக்குக் காத்திருந்து ஐப்பசியில் செடி நடுகிற ஊர் இது. அந்த ஆடியில், பரணி நட்சத்திரத்தில், சீமையிலிருந்து கப்பலில் வந்த அத்தனை கன்றையும் நம்மட ஆள் ஒரே நாளில் கல்மேட்டிலே நட்டுவிட்டார். துரைசாணி வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்குப் போயிருந்தாள். அதோடு இவருக்கும் அம்மைநோய் கண்டு இரண்டு கிழமை பாயில் கிடந்தார். தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் கருகிப்போய், நாலே நாலு செடி மட்டும் நின்றிருக்கிறது. சீட்டுக் கிழிந்தது என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, துரைசாணி அந்த நாலுக்கும் முன்னால் முழங்காலில் இருந்து, கையைத் தட்டி, அதே மந்திரத்தைத் திரும்பச் சொன்னாளாம். ஆடிப் பரணியல்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மனிதர் வேறு நாளில் ஒரு செடி நட்டதில்லை. நட்டு மூன்று நாளுக்குத் தண்ணீர். நாலாம் நாளிலிருந்து ஒரு சொட்டுக் கிடையாது. ஏன் என்று கேட்டால், "தண்ணி ஊத்தினால் ஆர் நிக்கிறது ஆர் விழுறது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்பார். ஒரு வருடம் ஆடியில் இரண்டு பரணி வந்துவிட்டது. எது துரைசாணியின் பரணி என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

செடி தெரிவு செய்வதிலும் அவர் லேசான ஆள் இல்லை. யாராவது ஒரு கன்றைக் கொண்டுவந்தால் முதலில் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்ப்பார். வேரைக் கையில் வைத்து நிறை பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரை விசாரிப்பார்.

"உதுக்கு வீட்டிலே ஆர் தண்ணி ஊத்துறது?"

"நான்தான், காலமையும் பின்னேரமும்."

"அப்ப உங்கட வீட்டிலேயே இருக்கட்டும். செல்லப் பிள்ளையளை இஞ்சை கொண்டுவந்து அழவைக்காதேங்கோ."

இதிலே தப்பினாலும் இன்னொரு பரீட்சை இருந்தது. எங்கள் ஊரில் மான்கள் மாடுமாதிரித் தெருவிலே திரியும். கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்து வேலி தாண்டி மேய்ந்துவிட்டுப் போகும். மற்ற வீடுகளில் மானைத் துரத்துவார்கள். இவர் வாசல் கேற்றைத் திறந்துவிட்டு, ஓரமாக நின்று பார்ப்பார். மான் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனால் அந்தச் செடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைப்பார். பாஸ் பண்ணியாச்சு என்று அர்த்தம்.

இப்படி வருடக்கணக்காகக் கழிபட்டுக் கழிபட்டு அந்த மேட்டில் நின்றவை ஒரு ஐந்தாறு வகைதான். உச்சியில் செவ்வலரி. கல்லிடுக்கில் ரத்தச் சிவப்பாய்ச் சின்னப் பூ பூக்கிற முள்ளுச்செடி. நிழல் விழுகிற பக்கம் நாலுமணிப்பூ. மழைக்கு மட்டும் தலைகாட்டுகிற வெள்ளை லில்லி. மற்ற இடமெல்லாம் பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணி, வெள்ளையும் ஊதாவுமாய், வருடம் முந்நூற்றறுபத்தைந்து நாளும்.

எங்கள் பெரிய கிளாக்கருக்கு அந்தப் பட்டிப்பூவைக் கண்டால் ஆகாது. "சுடலையிலே நிக்கிற பூவைக் கொண்டுவந்து கந்தோர் வாசலிலே வைச்சிருக்கிறான்" என்று ஒவ்வொரு காலையிலும் கையெழுத்துப் போடும்போதே சொல்லுவார். கந்தோரில் அவருக்கு ஆகாத பொருள் இன்னொன்றும் இருந்தது. அது நான்.

என் கதையும் ஆடியில்தான் தொடங்குகிறது. அப்பா செத்து எட்டு மாதம். பள்ளிக்கூடம் போகிற தம்பிமார் இரண்டு பேர். தட்டச்சுப் படித்தவள் என்று எனக்கு ஒரு வருடத் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரு வருடம் முடிய, பெரிய கிளாக்கர் நல்லபடி எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் வீடு. கடிதத்தில் போட்டிருந்த நாளைப் பார்த்து அம்மா தலையில் கைவைத்துவிட்டா.

"ஆடியிலே நான் புதுச் சட்டி ஒண்டு அடுப்பிலே வைக்கமாட்டன். நீ புது வேலைக்குப் போறன் எண்டு நிக்கிறாய். ஆவணியிலே வாறன் எண்டு எழுதிப்போடு பிள்ளை."

"ஆவணி மட்டும் அவங்கள் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாங்களோ அம்மா?" என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் நான் போனேன். உள்ளுக்குள்ளே எனக்கும் நடுக்கம்தான்.

கேற்றைத் திறந்தபோது ஒருவர் கல்மேட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் சாரம், தலையில் துவாய். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புதிசா வேலைக்கோ தங்கச்சி?"

"ஓம்."

"இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

அம்மாவே பரவாயில்லை, இங்கேயும் ஒரு பஞ்சாங்கமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. "ஆடி மாதம், கூடாத நாள். அதுதானே சொல்லப்போறியள்?" என்றேன்.

"ஆடிப் பரணி" என்றார் அவர். முகமெல்லாம் பல்லு. "பயப்பிடாமல் உள்ளுக்குப் போங்கோ. நிண்டிடுவியள்."

அந்தக் கந்தோரில் அதற்கு முதல் பெண்பிள்ளை வேலை செய்ததே இல்லை. இருபத்துமூன்று ஆம்பிளைகள், நான் ஒருத்தி. எனக்குத் தந்த மேசை பின் அறையில், மேற்கு யன்னலோரம். கச்சான் காற்று கடதாசியையெல்லாம் முகத்திலே அடிக்கும். தண்ணீர்க் குழாய் பின்பக்கத்தில், ஆம்பிளைகள் குந்தியிருந்து பீடி பிடிக்கிற இடத்தில். அங்கே போக எனக்குக் கூச்சம். நல்லகாலமாக யன்னல் விளிம்பில் ஒரு மண்கூசா நிறையத் தண்ணீர் இருந்தது. நான் எப்போது சரித்தாலும் குளிர்ந்த தண்ணீர் வரும். அரசாங்கக் கந்தோரில் இப்படி ஒரு ஒழுங்கா என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"மாதம் ரெண்டு தாண்டாது" என்று பெரிய கிளாக்கர் ஊழியர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு தாண்டியது. நாலும் தாண்டியது. ஆடிப்பரணியார் யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார். செடியைப் பார்க்கிற அதே பார்வை. ஒருநாள் காலை என் மேசையில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் இருந்தது. கடதாசி பறக்காமல் வைக்கத் தந்தாராக்கும் என்று நினைத்தேன். அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பெரிய கிளாக்கர் ஒரு கடிதத்தை எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கொழும்பிலிருந்து வரப்போகிற பெரிய துரைக்கு. இந்தக் கந்தோரில் தேவையில்லாத ஆட்கள் இருவர். ஒருவர் தண்ணீர் ஊற்ற மறுக்கும் தோட்டக்காரர், மற்றவர் பெண் தட்டச்சாளர். இரண்டு பேரையும் நிறுத்தலாம்.

என்னை நிறுத்தச் சொல்லுகிற கடிதத்தை நானே அடிக்க வேண்டும். அதிலே ஒரு எழுத்துப் பிழை விட்டாலும் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். கண்ணீர் கடதாசியில் விழாமல் ஒரு கையால் துடைத்துக்கொண்டு, மற்றக் கையால் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் வேறொரு கடிதம் அடித்ததில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த மனிதரையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன். கால் ஆடுகிற அலுமாரியில் துரைசாணியின் படப் புத்தகம் இன்னும் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். விரல் பட்டுப்பட்டுக் கறுத்துப்போன ஒரு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை வாசித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. ஹார்டி பெரெனியல். புத்தகத்தைக் கையோடு கொண்டு கல்மேட்டுக்கு ஓடினேன்.

"அண்ணை, இது ஆடியும் இல்லை, பரணியும் இல்லை. ஹார்டி எண்டால் எதையும் தாங்கி நிக்கிறது. பெரெனியல் எண்டால் ஒருக்கால் நட்டால் வருசா வருசம் பூக்கிறது. துரைசாணி நாள் சொல்லேல்லை. செடியைத்தான் சொன்னவ. இனித் தண்ணி ஊத்துறன் எண்டு பெரிய கிளாக்கரிட்டை ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வேலை மிஞ்சும்."

அவர் புத்தகத்தை வாங்கி, துரைசாணி விரல் வைத்த அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இருபது வருட நம்பிக்கையை உடைத்துவிட்டேனே என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"எதையும் தாங்கி நிக்கிறது எண்டுதானே போட்டிருக்கு?"

"ஓம்."

"வருசா வருசம் பூக்கும் எண்டும் போட்டிருக்கு?"

"ஓம்."

"அதைத்தானே தங்கச்சி நான் சொல்லுறன். எங்கட ஊரிலே ஆடியைத் தாண்டினால்தானே எதையும் தாண்டும். துரைசாணிக்கும் எனக்கும் ஒரே கதைதான். நடுவிலே நீங்கள்தான் குழம்பிப்போனியள்." புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் களை பிடுங்கத் தொடங்கினார்.

பெரிய துரை வருகிற நாள் நெருங்கியது. அதுவும் ஆடிதான். பெரிய கிளாக்கர் மலைநாட்டிலிருந்து ரயிலில் இருபது சாடி டேலியாப் பூ வரவழைத்து, முன்வாசல் பாதையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பை அளவு. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஆடிப்பரணியார் மட்டும் வந்து, ஒரு தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பார்த்துக் கச்சான் தன் வேலையைக் காட்டியது. பத்து மணிக்கு வரவேண்டிய துரை பகல் இரண்டு மணிக்கு வந்தார். அவர் இறங்கியபோது இருபது டேலியாவும் கழுத்து முறிந்து, இரண்டு பக்கமும் தலைகுனிந்து நின்று வரவேற்றன. பெரிய கிளாக்கருக்கு வேர்த்து ஒழுகியது. துரை அதையெல்லாம் தாண்டி வந்து கல்மேட்டுக்கு முன்னால் நின்றார். வெள்ளையும் ஊதாவும் சிவப்புமாய் மேடு காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

துரை சிங்களவர். தமிழ் தெரியாது. "இதற்கு எத்தனை தரம் தண்ணீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டு வாயைத் திறக்க, துரை அவருடைய கடிதம் இருந்த கையை உயர்த்தினார்.

"நீர்தானே இந்த ஆளைப் பற்றி எழுதினவர். வேறு யாராவது மொழிபெயர்க்கட்டும். இந்தக் கடிதத்தை அடித்தது யார்? அவரைக் கூப்பிடும். நான் பார்த்த கடிதங்களுக்குள் பிழையில்லாத கடிதம் இது ஒன்றுதான்."

நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஆடிப்பரணியார் துவாயைத் தலையிலிருந்து எடுத்தார்.

"சேருக்குச் சொல்லுங்கோ தங்கச்சி. இது தண்ணி கேக்கிற சாதி இல்லை. இது ஆடிப் பரணியல்."

எனக்கு நாக்கைக் கொஞ்சம் திருப்பினால் போதுமாயிருந்தது. "இவர் ஹார்டி பெரெனியல் மட்டும்தான் வைக்கிறவராம், சேர்."

துரையின் முகம் மாறிவிட்டது. தன் வீட்டிலே மலைநாட்டுச் செடி வைத்து வைத்துத் தோற்றுப்போனவராம். "திருகோணமலையிலே, இந்த வெயிலிலே, ஹார்டி பெரெனியல் தெரிவு செய்து வைக்கிற ஒரு தோட்டக்காரனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் விளக்கம் கேட்டார். மானின் பரீட்சையை நான் மொழிபெயர்த்தபோது வாய்விட்டுச் சிரித்தார். என் மேசைக் கூழாங்கல்லின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இது தவிர வேறு ஏதாவது நட்டிருக்கிறாரா?"

ஆடிப்பரணியார் யோசிக்கவே இல்லை. என்னைக் கையால் காட்டினார். "இந்தத் தங்கச்சியும் ஆடிப் பரணியிலே வந்தவதான். ஒரு வருசம் மேல்காத்து அவவின்ர முகத்திலேதான் அடிச்சது. ஒரு இலை வாடேல்லை."

இதை எந்த வாயால் மொழிபெயர்ப்பது? "என்ன சொல்லுகிறார்?" என்று துரை விடாமல் கேட்டார். கடைசியில், நானும் ஒரு ஹார்டி பெரெனியலாம் என்று முணுமுணுத்தேன். காது இரண்டும் நெருப்பாய் எரிந்தது. துரை சிரித்த சிரிப்பில் கேற்றடியில் நின்ற மான் ஓடிவிட்டது. அந்தக் கடிதத்தையே பின்பக்கம் திருப்பி, பேனையை எடுத்து, என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அதிலேயே எழுதினார்.

அவரையும் நிரந்தரமாக்கத்தான் பார்த்தார். வயது கேட்டபோது வந்தது வினை. "ஐம்பத்தஞ்சோ, ஐம்பத்தெட்டோ. சாதகத்தைக் கறையான் திண்டிட்டுது" என்றார் மனிதர். ஐம்பதைத் தாண்டினால் நிரந்தரமாக்கச் சட்டத்தில் இடமில்லை. அவரைத் தொடர்ந்து வைத்திருக்கலாம், ஆனால் கெஷுவலாக, வருடா வருடம் புதிதாகப் பதிந்து.

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "நான் பரணி இல்லைத் தங்கச்சி. நான் வருசப் பூ. ஒவ்வொரு வருசமும் புதிசா முளைக்கிறனான்."

அப்படி ஒன்பது வருடம் முளைத்தார். பெரிய கிளாக்கர் இரண்டாம் வருடமே பென்ஷன் எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, முழங்கால் ஏலாது என்று சொல்லி, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு ஆடிப்பரணியார் கடைசி லோஞ்சில் ஏறினார். திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல அடித்துக்கொண்டே கையை நீட்டிக் கூசாவைச் சரித்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பியோனைக் கூப்பிட்டு, "என்ன, இண்டைக்குத் தண்ணி நிரப்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது என்ர வேலை இல்லை மிஸ். கூசாவும் கந்தோர்ச் சாமான் இல்லை. ஆடிப்பரணி தன்ர வீட்டிலேயிருந்து கொண்டுவந்து வைச்சது. விடியக் காலமை முதல் வேலையா அவன்தான் நிரப்புறவன். உங்களுக்குத் தெரியாதோ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு ஏறிக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். மனிதர் முற்றத்து மாநிழலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். உட்காரக்கூட இல்லை நான். "அண்ணை, நாலாம் நாளுக்குப் பிறகு தண்ணி ஊத்தினால் அது பரணி இல்லை எண்டு ஊரெல்லாம் சண்டை பிடிச்சனீங்கள். எனக்கு மட்டும் ஏன் அத்தனை வருசம் ஊத்தினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கடல் தாண்டி, ஊர் தாண்டி, எங்கேயோ பென்ஷனோடு இருக்கிற மனிதரை நினைத்துக் குரலைத் தணித்தார்.

"மெல்லக் கதையுங்கோ தங்கச்சி. பெரிய கிளாக்கருக்குக் கேட்டிடும்."

இன்றைக்கு எனக்குக் கீழே எட்டுப் பேர் தட்டச்சு அடிக்கிறார்கள். கெட்டிக்காரி, எதையும் தாங்கி நிற்பாள் என்று பின்னால் சொல்லிக்கொள்ளுகிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. காலையில் முதல் ஆளாக வந்து, எட்டு மேசைக்கும் கூசாவை நிரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல என் கதிரையில் போய் இருந்துகொள்ளுகிறேன்.